பாப்பாவின் உண்டியல் கடன்

கேள்வி:

அம்மா, நாங்கள் பாம்பனுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். நான் மிதவையில் கடல்பாசி வளர்க்கும் குழுவில் இருக்கிறேன். மகனுக்கு 13 வயது, எட்டாவது படிக்கிறான். மகளுக்கு 9 வயது, வருகிற தையில் 10 முடிகிறது. போன மாதம் மகன் அவன் அப்பா போனிலிருந்து மூன்று தடவையாக 1,200 ரூபாய் எடுத்து, ஏதோ கேமில் துப்பாக்கி, சட்டை என்று வாங்கியிருக்கிறான். லீவு நாளில் கரையில் வலையிலிருந்து நண்டு, மீன் பிரித்துக் கொடுக்கப் போய் நூறு, நூற்றைம்பது வாங்கி வருகிறான். அதுவும் அன்றைக்கே காலி. அவன் அப்பா அடித்தபோது, "பாப்பா உண்டியல நீங்க உடைச்சப்ப உங்கள யாரு அடிச்சா?" என்று கேட்டுவிட்டான். உண்மைதான். மீன்பிடித் தடைக்காலம் முடிகிற சமயம், பள்ளி திறக்கிற நேரம். வேறு வழியில்லாமல் மகளின் உண்டியலை உடைத்து 1,870 ரூபாய் எடுத்தேன். இன்னும் கொடுக்கவில்லை. அதிலிருந்து அவள் ஐந்து ரூபாய் கிடைத்தாலும் கடைக்கு ஓடுகிறாள். சேர்த்து வை என்றால், "வச்சா நீ எடுத்துக்குவ" என்கிறாள். இவர்களுக்குப் பணத்தின் அருமையை எப்படிச் சொல்லித் தருவது? வங்கியில் கணக்கு தொடங்கிக் கொடுத்தால் சரியாகிவிடுமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகன் கேட்ட கேள்வியை நீங்கள் எழுதாமல் விட்டிருக்கலாம். விடாமல் எழுதியிருக்கிறீர்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது.

கடைசியில் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன். வங்கிக் கணக்கு தொடங்கத்தான் வேண்டும், விவரம் பின்னால் சொல்கிறேன். ஆனால் இன்றைக்கு இருக்கிற நிலையில் மகளைக் கூட்டிப்போய் கணக்கு தொடங்கினால், அவள் கண்ணுக்கு அது அம்மா உடைக்கப்போகும் இன்னொரு உண்டியல். அதற்கு முன்னால் அந்த 1,870 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள்.

"பெத்த பிள்ளைகிட்ட எடுத்ததெல்லாம் கடனா?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். நான் 26 வருடம் வங்கியில் வேலை பார்த்தவள். அதில் பாதிக்கு மேல் இந்தக் கடற்கரைக் கிளைகளில்தான். ஒருவர் வந்து பணம் போடுகிறார் என்றால், கேட்கிற அன்றைக்கு அது கையில் வரும் என்று நம்பித்தான் போடுகிறார். அந்த நம்பிக்கை போய்விட்டால் எவ்வளவு வட்டி கொடுக்கிறேன் என்றாலும் ஆள் வரமாட்டார்கள். உங்கள் மகள் ஊதாரி ஆகிவிடவில்லை. சேர்த்து வைத்தது ஒரு நாள் காணாமல் போனதைப் பார்த்தாள். இனிமேல் கிடைத்த அன்றே செலவழித்தால்தான் அது தனக்கு என்று கணக்குப் போட்டுவிட்டாள். 9 வயதுப் பிள்ளை போட்ட கணக்கில் பிழை இல்லை. அந்தக் கணக்கை மாற்றும்படி நீங்கள்தான் ஏதாவது செய்ய வேண்டும்.

மொத்தமாகக் கொடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். மாதம் 400 வீதம் நான்கு மாதம், ஐந்தாவது மாதம் 270. தை பிறப்பதற்குள் முடிந்துவிடும். எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பது முக்கியம், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வீட்டுக்காரர் கரையில் இருக்கிற நாளாகப் பாருங்கள். வாரத்தில் விசைப்படகு போகாத நாள்கள் இருக்கத்தானே செய்கின்றன. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நான்கு பேரும் உட்காருங்கள். ஒரு நோட்டை எடுத்து, மகள் பெயரை மேலே எழுதி, "அம்மா கடன் 1,870" என்று எழுதுங்கள். மகளிடம் சொல்லுங்கள்: "உன் காசை உன்னைக் கேட்காம எடுத்தேன். கேட்டிருக்கணும். அப்போ வீட்டில் காசில்லை. இந்தத் தேதியில் இவ்வளவு தருவேன்." இவ்வளவு போதும். "உனக்காகத்தானே நோட்டு வாங்கினேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும், கடன் வாங்கியவர் சொல்கிற சாக்காகத்தான் அவள் காதில் விழும். நோட்டில் தவணைத் தேதிகளை அவளே எழுதட்டும். கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் அவளே கையெழுத்துப் போடட்டும். மகனும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவன் கேட்ட கேள்விக்கு அடி பதில் ஆகாது, இதுதான் பதில்.

இனி எப்போதாவது அவள் காசு தேவைப்பட்டால்? தேவைப்படும், கடற்கரையில் வாழ்கிறோம். அப்போது கேட்டு வாங்குங்கள். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு என்பதை மனதுக்குள் ஒப்புக்கொண்டு கேளுங்கள். நான் பார்த்த வரையில், கேட்டால் கொடுக்காத பிள்ளை அபூர்வம்.

சரி, மகனுக்கு வருகிறேன்.

ஒன்று கேட்கிறேன். அந்த போனில் பின் நம்பர் அவனுக்கு எப்படித் தெரிந்தது? எனக்கு பதில் தெரியும், ஏனென்றால் நான் போகிற ஊரிலெல்லாம் இதே கதைதான். ரீசார்ஜ் போட, பேலன்ஸ் பார்க்க, கரண்டு பில் கட்ட, ஜிபேயில் யாருக்காவது அனுப்ப, எல்லாவற்றுக்கும் அப்பா போனை மகனிடம்தான் நீட்டுகிறார். வீட்டுப் பணம் முழுக்க 13 வயதுப் பையன் விரலில் இருக்கிறது. ஆனால் அது எங்கிருந்து வருகிறது, எதற்குப் போக வேண்டும், எப்போது தீரும் என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை. சாவி அவனிடம், கணக்கு உங்களிடம்.

பணம் கட்டி ஆடிப் பணம் எடுக்கிற ஆன்லைன் விளையாட்டுகளை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. உங்கள் மகன் வாங்கியது அந்த வகை இல்லை. கேமுக்குள் துப்பாக்கி, உடுப்பு என்று விற்கிறார்கள், அது இன்னும் நடக்கிறது. அதனால் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்க முடியாது. இன்றைக்கே பின் நம்பரை மாற்றுங்கள். ஆப் வாங்குகிற இடத்தில், எதை வாங்கினாலும் ஒவ்வொரு தடவையும் கடவுச்சொல் கேட்கும்படி வைத்துக்கொள்ள வசதி இருக்கிறது, அதையும் போட்டு விடுங்கள். ஒரு சின்ன விஷயம்: மகனுக்குத் தெரியாமல் மாற்ற வேண்டாம். "மாத்தியிருக்கோம், இதுக்காகத்தான் மாத்தியிருக்கோம்" என்று அவனிடம் சொல்லிவிட்டே மாற்றுங்கள்.

அந்த 1,200 ரூபாய்க்கு என்ன செய்வது? முழுவதும் தள்ளுபடி செய்தால், எடுத்தால் இரண்டு அடியோடு முடிந்துவிடும் என்று ஆகிவிடும். முழுவதையும் அவன் தலையில் கட்டினால் அதுவும் நியாயமில்லை, பின் நம்பரைக் கையில் கொடுத்தது பெரியவர்கள். பாதி அவன் பங்கு, 600 ரூபாய். மீதி உங்கள் பங்கு. இதையும் அதே நோட்டில், இன்னொரு பக்கத்தில் எழுதுங்கள். அம்மா கடன் ஒரு பக்கம், அண்ணன் கடன் ஒரு பக்கம்.

அவன் எதிலிருந்து கட்டுவான்? கைச்செலவுக் காசிலிருந்து. மகனுக்கு வாரம் 40, மகளுக்கு 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கொடுத்தால் அடுத்த ஞாயிறு வரை அவ்வளவுதான். அதற்கெல்லாம் எங்கே போவது என்று நினைப்பீர்கள். இப்போது கடைக்கு என்று ஐந்தும் பத்துமாகத் தினமும் கொடுப்பதை ஒரே ஒரு வாரம் எழுதிப் பாருங்கள், பெரும்பாலும் இதைவிடக் கூடவே வரும். மகன் தன் நாற்பதில் இருபதைக் கடனுக்குக் கட்டினால் 30 வாரத்தில் முடிந்துவிடும். கிறிஸ்துமஸ், பொங்கல் என்று மாமா, சித்தப்பா கையில் வைத்துவிட்டுப் போகிற காசு வந்தால் சீக்கிரமாகவே அடைத்துவிடலாம். புதன்கிழமையே காசு தீர்ந்து போய் வந்து நின்றால் மேற்கொண்டு கொடுக்காதீர்கள், திட்டவும் செய்யாதீர்கள். புதன் முதல் சனி வரை காசில்லாமல் இருப்பது எப்படி என்று அந்த நான்கு நாள் அவனுக்குச் சொல்லித் தரும். நாற்பது ரூபாயில் இந்தத் தப்பைச் செய்துவிட்டால் நல்லதுதான்.

வீட்டு வேலைக்குக் கூலி என்று கொடுக்காதீர்கள். தண்ணீர் பிடிப்பதற்கு ஐந்து, தங்கச்சியைப் பள்ளியில் விடுவதற்குப் பத்து என்று ஆரம்பித்தால் ஒரு நாள், "இன்னைக்கு எனக்குக் காசு வேணாம், அதனால வேலையும் செய்ய மாட்டேன்" என்பான்.

கேமைவிட எனக்குக் கவலை தருவது அந்த லீவு நாள் கூலி. கரையில் நூற்றைம்பது வாங்குகிற பையன் கெட்டிக்காரனாகத் தெரிவான். ஊரும் மெச்சும். 14 வயது ஆகாத பிள்ளையை வெளி ஆள் கூலிக்கு வைப்பது சட்டப்படி கூடாது. பள்ளி நேரம் போக, விடுமுறையில், ஆபத்தில்லாத சொந்தக் குடும்ப வேலையில் உதவலாம் என்று மட்டும்தான் சட்டம் விட்டு வைத்திருக்கிறது. சட்டத்தைத் தள்ளி வையுங்கள். 13 வயதில் கையில் ரொக்கம் பழகிவிட்டால், பத்தாவது, பன்னிரண்டாவது எல்லாம் வெகுதூரம் என்று தோன்றும். "படிச்சு என்ன கிடைக்கும், இன்னைக்குப் போனா இன்னைக்குக் காசு" என்று படகுக்குப் போன எத்தனையோ பையன்களை நான் வங்கியில் பார்த்திருக்கிறேன், இருபத்தைந்து வயதில் கடன் விண்ணப்பத்தோடு வந்து உட்கார்வார்கள். கைராசியான பிள்ளைகள், கடலை நன்றாகத் தெரிந்தவர்கள். ஒரு படிவத்தைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாமல் ஏஜென்ட் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். உங்கள் மகன் கூலிக்குப் போவதை நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக அவனுக்கு ஒரு வேலை சொல்கிறேன்.

அவனை வீட்டுக்குக் கணக்குப்பிள்ளை ஆக்குங்கள்.

உண்மையான கணக்காக இருக்க வேண்டும். அப்பா கடலுக்குப் போய் வந்த அன்றைக்கு உட்கார்ந்து கேட்கட்டும். மீன் மொத்தம் எவ்வளவுக்கு விற்றது, டீசலுக்கு எவ்வளவு, ஐசுக்கு எவ்வளவு, சாப்பாட்டுச் சாமானுக்கு எவ்வளவு, செலவு கழித்த மிச்சம் எப்படிப் பிரிந்தது, அதில் அப்பா கைக்கு வந்தது எவ்வளவு, படகு முதலாளியிடம் வாங்கிய முன்பணத்துக்காகப் பிடித்தது எவ்வளவு. அப்பாவுக்கு எல்லாம் வாயில் இருக்கும், தாளில் இருக்காது. மகன் எழுதட்டும். காற்று பலமாக இருந்து, கடலுக்குப் போக மீன்வளத் துறை டோக்கன் கொடுக்காத நாளையும், பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிய நாளையும் எழுதட்டும், அந்த நாளுக்கு நேராக வரவு என்று பூஜ்யம் போடட்டும். நான்கு வாரம் எழுதினால் போதும், அவனே ஒரு விஷயத்தைக் கண்டுபிடிப்பான்: நம் வீட்டு வருமானத்துக்கும் வாத்தியார் வீட்டு வருமானத்துக்கும் என்ன வித்தியாசம் என்று. அவர்களுக்கு மாதா மாதம் ஒரே அளவு. நமக்கு ஒரு நாள் அள்ளும், பத்து நாள் பூஜ்யம். சிக்கனமாக இரு என்று பாடப் புத்தகத்தில் சொல்வதெல்லாம் மாதச் சம்பளக்காரருக்குச் சொன்னது மாதிரி இருக்கும். நமக்கு வேண்டியது, வருகிற நாளில் வராத நாளுக்கு எடுத்து வைக்கிற பழக்கம்.

அதற்குத் தடைக்காலத்தை விட நல்ல பாடம் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். எப்போது வரும் என்று எல்லாருக்கும் தெரியும். புயல் மாதிரி சொல்லாமல் வருவதில்லை. இருந்தும் ஒவ்வொரு வருடமும் நாம் திடுக்கிட்டுப் போகிறோம். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். மகனிடம் கொடுத்து 61-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு 131 ரூபாய் சில்லறை வரும். "நாலு பேர் வீட்டுக்கு ஒரு நாள் செலவு என்னன்னு நோட்டைப் பார்த்துச் சொல்லு" என்று கேளுங்கள். அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில்தான் பாப்பாவின் உண்டியல் விழுந்தது என்று அவனுக்குப் புரியும். அம்மா ஏன் எடுத்தாள் என்பது புரிந்தால் அம்மா எடுத்தது சரியாகிவிடாது. ஆனால் அவன் மனதில் உள்ள கசப்பு குறையும்.

மீனவ மகளிருக்கான சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் தவணையாக 1,500 கட்டினால் அரசு 3,000 சேர்த்து, தொழில் குறைந்த மாதங்களில் 4,500 ஆகத் தருகிற திட்டம் அது. உங்கள் ஊர் மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்கத்தில் கேளுங்கள். அந்தத் தவணையைக் கட்டப் போகும்போது மகனையும் கூட்டிப் போங்கள்.

இனி மகளுக்கு. கடன் தவணை ஒரு பக்கம் நடக்கட்டும். சேமிப்பு என்றால் என்ன என்று அவளுக்குச் சொல்லித் தர நீங்கள் யாரையும் தேடிப் போக வேண்டாம், உங்கள் மிதவையிலேயே இருக்கிறது.

பாசி அறுக்கிற அன்றைக்கு, பள்ளி லீவாக இருந்தால், அவளைக் கரைக்குக் கூட்டிப் போங்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் மிதவையில் 60 கிலோ விதைப்பாசி கட்டினோம், 45 நாள் கழித்து 200 கிலோவுக்கு மேல் வந்திருக்கிறது. அதை இழுத்துக் கரையில் போட்டதும் முதலில் என்ன செய்கிறோம்? நல்ல கொழுந்தாகப் பார்த்து அடுத்த மிதவைக்கு விதை எடுத்து ஈரம் காயாமல் தனியாக வைக்கிறோம். அதன் பிறகுதான் மிச்சம் காயப்போடவோ விற்கவோ போகிறது. கையில் எவ்வளவு முடை இருந்தாலும், வாசலில் கடன்காரர் நின்றாலும், விதைப்பாசியைத் தொட மாட்டீர்கள். தொட்டால் அடுத்த 45 நாள் மிதவை வெறும் மூங்கில்தான். எல்லாம் விற்றுவிட்டு மிச்சம் இருந்தால் கட்டலாம் என்று எந்தப் பெண்ணாவது சொல்வாளா? காசுக்கு மட்டும் நாம் அப்படித்தான் சொல்கிறோம், செலவு போக மிச்சம் இருந்தால் சேர்க்கலாம் என்று. மிச்சம் இருக்கவே இருக்காது.

அந்த விதையைக் கயிற்றில் கட்டுகிற வேலையை அவள் கையில் கொடுங்கள். நான்கைந்து முடிச்சு போட்டால் போதும். வாரக் காசு 20 கையில் கொடுக்கிற அன்று, "விதை எவ்வளவு?" என்று மட்டும் கேளுங்கள். ஐந்து என்றாலும் இரண்டு என்றாலும் சரி என்று விட்டுவிடுங்கள். அவள் சொல்லும் அளவை நீங்கள் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும்போது மிதவையை எடுத்துவிடுகிறோமே, அதையும் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் அவளுக்கும் சேர்க்க முடியாமல் போகலாம், அதில் குற்றமில்லை.

இப்போது கணக்கு விஷயம். 10 வயது நிறைந்த பிள்ளை தன் பெயரில் தானே சேமிப்புக் கணக்கு தொடங்கி, தானே கையெழுத்துப் போட்டு எடுக்கலாம், போடலாம். இதை ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வெளியிட்ட விதிகளில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எவ்வளவு தொகை வரை, ஏடிஎம் கார்டு உண்டா என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். தபால் அலுவலகத்திலும் 10 வயது ஆன பிள்ளை தன் பெயரில் 500 ரூபாயில் கணக்கு தொடங்கலாம். மகனுக்கு இன்றைக்கே தொடங்கலாம். மகளுக்கு நீங்கள் காப்பாளராக இருந்து இப்போதே தொடங்க முடியும். ஆனால் என் யோசனை, தை வரை பொறுங்கள். பத்து முடிந்ததும் அவள் கையெழுத்தில், அவள் மட்டும் எடுக்கிற கணக்காகத் தொடங்குங்கள். உண்டியல் உடைந்த பிள்ளைக்கு அந்த வித்தியாசம் பெரிது.

பொறுக்கக் கூடாத ஒன்றும் இருக்கிறது. செல்வமகள் சேமிப்புத் திட்டம். அது 10 வயது முடிவதற்குள் தொடங்கினால்தான் உண்டு. தை பிறந்தால் கதவு மூடிவிடும். வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய் கட்டினால் போதும், 15 வருடம் கட்ட வேண்டும், தொடங்கி 21 வருடத்தில் முதிரும். 18 வயது ஆன பிறகு மேல்படிப்புக்கு இருப்பில் பாதி வரை எடுக்கலாம். வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கும், சாதாரண சேமிப்புக் கணக்கைவிட நல்ல வட்டி. பிறப்புச் சான்றிதழும் உங்கள் ஆதாரும் பான் கார்டும் எடுத்துக்கொண்டு தபால் அலுவலகத்துக்கு இந்த மாதமே போய்விடுங்கள். பான் இல்லையென்றால் அங்கேயே என்ன செய்யலாம் என்று கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: அது உங்கள் பணம், மகளுக்காக நீங்கள் கட்டுவது. "உன் 1,870-ஐ இதில் போட்டுட்டேன்" என்று சொல்லிக் கடனைத் தீர்த்துவிடாதீர்கள். 9 வயதுப் பிள்ளைக்கு 21 வருடம் கழித்து வருகிற பணமும் வராத பணமும் ஒன்றுதான்.

கணக்கு தொடங்குகிற அன்று அவளை கவுன்டர் முன்னால் நிறுத்திப் பேச விடுங்கள். ஒரு தடவை ஒரு சிறுமி, பதினொரு வயது இருக்கும், நான் கிளையில் இருந்தபோது பாஸ்புக்கை நீட்டி, "என் காசு எங்க இருக்கு, காட்டுங்க" என்று கேட்டாள். கூட வந்த பாட்டி அவள் தலையில் தட்டினார். நான் அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். "உன் காசு இங்கே இல்லை. பக்கத்துத் தெருவில் ஒருத்தர் படகுக்கு இன்ஜின் வாங்கக் கடன் கேட்டார், உன் காசையும் இன்னும் நிறையப் பேர் காசையும் சேர்த்து அவருக்குக் கொடுத்திருக்கோம். அவர் வட்டி கட்டுவார், அதில் கொஞ்சம் உனக்கு வரும்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவரு கட்டலன்னா?" என்று கேட்டாள். "அப்பவும் நீ கேட்ட அன்னைக்கு உன் காசை நாங்க தரணும், அது எங்க பொறுப்பு" என்றேன். உடனே 50 ரூபாய் எடுக்கணும் என்றாள். எழுதிக் கொடுத்தாள், எண்ணி வாங்கினாள், இரண்டு நிமிடம் கையில் வைத்திருந்தாள், மறுபடி சீட்டு எழுதி உள்ளேயே போட்டுவிட்டுப் போனாள். உங்கள் மகளும் முதல் மாதம் அப்படி எடுத்துப் பார்க்கலாம். எடுக்கட்டும்.

கடனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வாரக்கடன் வசூலுக்கு ஆள் வரும்போது பிள்ளையை வாசலுக்கு அனுப்பி "அம்மா இல்லை" என்று சொல்ல வைக்கிற பழக்கம் நம் தெருக்களில் நிறைய வீட்டில் இருக்கிறது. உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். நீங்களே போய், "இந்த வாரம் இல்லை, அடுத்த வாரம் தர்றேன்" என்று சொல்லுங்கள். அதையும் பிள்ளைகள் கேட்கட்டும். மகனுக்கு வட்டிக் கணக்கு வரும் வயது. பள்ளியில் சதவீதம் படிக்கிறான், நம் தெருவில் "அஞ்சு வட்டி" என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது. நூற்றுக்கு மாதம் ஐந்து. பத்தாயிரம் வாங்கினால் மாதம் 500, வருடம் 6,000, அசல் அப்படியே நிற்கும். பள்ளிக் கணக்கில் அது ஆண்டுக்கு 60 சதவீதம். இதை அவனே போட்டுப் பார்க்கட்டும். நாளைக்கு அவன் பெயரில் யாராவது முன்பணம் நீட்டும்போது அந்த 60 அவன் கண்முன் வரும்.

வெளிநாட்டில் அப்பா இருக்கிற வீடுகளிலிருந்தும், கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்துத் தாய்மார்கள், இதே கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அங்கே பிள்ளைகள் பணம் வருவதை மட்டும் பார்க்கிறார்கள், அப்பா வெயிலில் நிற்பதைப் பார்ப்பதில்லை. உங்கள் பிள்ளைகள் அந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். அப்பா கை வலையில் அறுபட்டிருப்பதும், அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று கயிறு கட்டுவதும் கண் முன்னால் நடக்கிறது. அதைச் சொல்லிக் காட்டி அவர்களை நோகடிக்க வேண்டாம். "உங்களுக்காகத்தான் இப்படிச் சாகிறேன்" என்று கேட்டு வளர்கிற பிள்ளைக்குப் பணம் என்றாலே குற்ற உணர்வு வந்துவிடும். நோட்டில் வரவு செலவு எழுதினால் போதும், மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

வீட்டுக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள். அவர் அடித்ததற்காக மகனிடம் மன்னிப்பு கேட்கச் சொல்லவில்லை, அது அவர்கள் இருவருக்குள் ஆகிற காரியம். ஆனால் முதல் தவணை கொடுக்கிற ராத்திரி அவர் எழுந்து வெளியே போய்விடக் கூடாது. நோட்டில் அவர் செலவும் வர வேண்டும், டீக்கடைச் செலவும் மற்றதும் சேர்த்து. பெரியவர் செலவு மட்டும் கணக்கில் வராது என்றால் மகன் இரண்டாவது வாரமே நோட்டை மூடி வைத்துவிடுவான்.

அடுத்த தடைக்காலம் ஏப்ரலில் வரும்போது கைச்செலவுக் காசு பாதியாகக் குறையும் என்பதை இப்போதே இரண்டு பேரிடமும் சொல்லி வையுங்கள். மகனுக்கு 20, மகளுக்கு 10, அந்த 61 நாளைக்கு மட்டும். அதற்குள் அவன் கடன் பெருமளவு முடிந்திருக்கும். உங்கள் கடன் முழுவதுமே முடிந்திருக்கும்.

முதல் 400 ரூபாயை மகள் கையில் வைத்ததும் அவள் அதில் பாதியை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினாலும் ஓடலாம். நீங்கள் நோட்டையும் பேனாவையும் எடுத்து வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். இரண்டாவது தவணையை, எழுதி வைத்த அதே தேதியில், அவள் கேட்பதற்கு முன்னால் கொடுங்கள்.